உன் லீவைக் கெடுத்த அம்மா எழுதுவது

மகன், நீ என் போனை எடுக்காமல் விட்டு இன்றோடு பத்தொன்பது நாளாகிறது. முதல் கிழமை ஒரு நாளைக்கு மூன்று தரம் அடித்துப் பார்த்தேன். பிறகு ஒரு தரம். இப்போது அடிப்பதில்லை, உன் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை நீ விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கிரிக்கெட் பக்கத்துக்காக வாங்குவாய், அது முடிந்ததும் மிச்சத்தையும் ஒரு புரட்டுப் புரட்டுவாய். அந்த நம்பிக்கையில்தான் பத்திரிகைக்காரரிடம் கெஞ்சி இந்த இடத்தை வாங்கினேன். ஊரே வாசிக்குமே, வெட்கமாக இல்லையா என்று உன் அப்பா கேட்டார். வெட்கம்தான். ஆனால் நான் செய்ததை உனக்குத் தெரியாமல் செய்தேன். மன்னிப்பையும் ஒளிந்து நின்று கேட்டால் அதில் என்ன இருக்கிறது? அதோடு என்னைப் போல இன்னும் நாலு மாமியார்கள் இந்த மாத்தளையில் இல்லாமலா போவார்கள்? அவர்களும் வாசிக்கட்டும்.

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், தெரிந்த கதைதானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதே. நீ சீகிரியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமைக்கிறாய். கிழமைக்கு ஒரு நாள் பல்லேபொலவில் இருக்கிற உன் வீட்டுக்கு வருவாய். மற்ற நாளெல்லாம் ஹோட்டலிலேயே படுக்கை. உன் பெண்சாதி நிரோஷாவுக்கு மாதம் நெருங்கியபோது, தகப்பனாகிறவர்களுக்குப் பத்து நாள் சம்பளத்தோடு லீவு தருகிறோம் என்று ஹோட்டலில் சொன்னார்கள். நீ அதை போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஆம்பளைக்கு எதுக்குடா பிள்ளப்பேத்து லீவு? நீயா பால் குடுக்கப் போற?" நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று ஏதோ குத்தியது. ஏன் என்று அப்போது நான் நின்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அதற்குப் பெயர் பொறாமை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் கூட இருப்பாள், அதுதான் நம்மிடம் வழக்கம். நிரோஷாவின் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள், நினைத்தவுடன் வர முடியாது. ஆகவே அந்த இடம் எனக்குத்தான் என்று நானாகவே முடிவுசெய்து வைத்திருந்தேன். மாதா கோயில் நர்சரியில் இருபத்திரண்டு வருடம் டீச்சராக இருந்தவள் நான். மாத்தளை டவுனில் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு கடை நடத்துகிற எத்தனையோ பேருடைய மூக்கை நான் துடைத்துவிட்டிருக்கிறேன். பிள்ளை என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்கிற தலைக்கனம். நிரோஷாவுக்குச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அன்று பின்னேரமே இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒன்றில் வெள்ளைப்பூண்டும் பத்தியக் கறிக்கு நான் வறுத்து இடித்த சரக்குத்தூளும். மற்றதில் அப்பாவின் பழைய சாரத்தைக் கிழித்துப் பிள்ளைக்குத் தைத்த துணிகள். வழியெல்லாம் என்னென்ன செய்ய வேண்டும், எதை யார் தொடக்கூடாது என்று மனதுக்குள் சட்டம் போட்டுக்கொண்டே வந்தேன்.

வந்து பார்த்தால் நீ வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளையை நெஞ்சில் சாய்த்தபடி முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறாய். கொடியில் துணிகள் வரிசையாகக் காய்கின்றன. குசினியில் சோறும் பத்தியக் கறியும் மூடி வைத்திருக்கின்றன. அடுப்பு துடைத்திருக்கிறது. "வாங்கம்மா, உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாய். என் வீட்டில் குடித்த கோப்பையைக் கூட இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்பிப் போனவன் நீ. எனக்கு நீ தேத்தண்ணி ஊற்றினாய், விருந்தாளிக்கு ஊற்றுவது போல. நான் பிள்ளையை வாங்கினேன். வாங்கின மாத்திரத்தில் அது வீல் என்று கத்தியது. தோளில் போட்டேன், தட்டிக்கொடுத்தேன், நர்சரிப் பாட்டெல்லாம் பாடிப் பார்த்தேன். முகம் சிவக்கச் சிவக்க அழுதது. நீ சிரித்துக்கொண்டே கையை நீட்டினாய். உன் நெஞ்சில் போட்டதும் அடங்கிப் படுத்துவிட்டது. "மூணு நாளா என்கிட்டயே இருந்துச்சிம்மா, அதான் பழகிருச்சி" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதல்தான், மகன், என்னைக் கொன்றது.

பிறகு நீங்கள் இரண்டு பேரும் அறைக்குள் ஏதோ பேசிச் சிரித்தீர்கள். நிரோஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்றாள். நான் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் ஆறிப்போன தேத்தண்ணியோடு இருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மரியாதையான பிள்ளை. ஆனால் வலிக்கிறது என்று அவள் சொல்ல, கேட்க ஒருவன் பக்கத்தில் இருக்கிறானே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பெற்று, நான் வளர்த்து, அவளுக்குத் துணி துவைக்கவா உன்னை அனுப்பினேன் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் எனக்கு இப்படி ஒருவரும் துவைக்கவில்லையே என்று நினைத்தேன். இன்னும் சொல்லப்போனால் அந்தச் சின்னஞ்சிறு பிள்ளையைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன். பிறந்து நாலு நாள், அதற்குள் தகப்பனின் நெஞ்சு அதற்குச் சொந்தமாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் நீ பின்பக்கக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாய். உன் போன் குசினி மேசையில் அடித்தது. உன் மெனேஜர். நான் எடுத்தேன். சிங்களத்தில்தான் பேசினார், பதவிசான பையன். நீண்ட விடுமுறை, அறையெல்லாம் நிரம்பிவிட்டது, குசினியில் ஒருவர் குறைகிறது, மகனுக்கு வர வசதிப்படுமா, வசதி இல்லையென்றால் பரவாயில்லை அம்மா, வேறு ஒருவரைப் பார்க்கிறேன் என்றார். வசதி இல்லையென்றால் பரவாயில்லை என்று சொன்னார், மகன், இரண்டு தரம் சொன்னார். நான் என் நல்ல சிங்களத்தில், "நாளைக்கே வருவான் மாத்தயா. நான் இங்க இருக்கேன் தானே. அவனுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல" என்றேன். நீ ஈரக் கையோடு உள்ளே வந்ததும், "மெனேஜர் கூப்புட்டாரு, கட்டாயம் வரட்டாம். போகாட்டி வேலைக்கே பிரச்சினை போல தம்பி" என்றேன். உன் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று நிரோஷா சொன்னாள். "பெரிய இடத்துல எதுத்துப் பேசினா நல்லதில்ல" என்று அதற்கும் நானே பதில் சொன்னேன். ஞாயிறு விடிந்ததும் நீ போய்விட்டாய். பத்து நாளில் ஐந்து நாள் அப்படியே போயிற்று.

அன்று முழுக்க எனக்கு ஒரே உற்சாகம். அந்த வீடு என் கைக்கு வந்துவிட்டது. கொடியில் நீ போட்டிருந்த துணியை எடுத்து மறுபடி நான் அலசிப் போட்டேன். பிள்ளை அழுதது, அழட்டும், பழகும் என்று தூக்கிக்கொண்டு நடந்தேன். நிரோஷாவிடம், "என்ன வேணும்னாலும் மாமிக்கிட்ட கேளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஒண்ணும் வேணாம் மாமி" என்றாள். நீ பின்னேரம் போன் எடுத்தபோது நான் கட்டில் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன். எப்படி இருக்கிறாய் என்று நீ கேட்டிருப்பாய். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேங்க" என்றாள். எழும்பி வெளியே போக வேண்டும் என்ற அறிவு எனக்கு இல்லை. அவள் உன்னோடு என்ன பேசுகிறாள் என்று கேட்கத்தான் அங்கேயே இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வீடு வீடாக வருகிற மிட்வைஃப் மிஸ் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், பிறகு தாயின் காயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். துணியை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். காயம் சிவந்து வீங்கி, ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. நெற்றியைத் தொட்டால் அடுப்பு. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவிலிருந்து என்றாள் நிரோஷா. வீட்டில் ஒரு பெரிய ஆள் இருந்துமா சொல்லவில்லை என்று மிஸ் என்னைப் பார்த்தபடி அவளைக் கேட்டார். அவள் அழுதுவிட்டாள். "அவரு இருந்தா சொல்லியிருப்பேன் மிஸ். இருந்த ரெண்டு நாளும் அவருதான் பார்த்தாரு. மாமிக்கிட்ட அந்த இடத்த எப்புடிக் காட்டுறது?" என்றாள். காய்ச்சலோடு நடுங்குகிற பெண்ணை த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். வழியில் பிள்ளை அழவில்லை, நான்தான் அழுதேன்.

நீ வந்தாய். வார்ட் வாசலில் நின்று மெனேஜருக்குப் போன் எடுத்தாய், அவசரம், இன்னும் சில நாள் வேண்டும் என்று கேட்க. அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அம்மாதானே ஒரு வேலையும் இல்லை என்றார் என்று சொல்லியிருப்பார். நீ போனைச் சட்டைப் பையில் போட்டாய். சத்தம் போடுவாய் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், பெற்றவளைக் கேள்வி கேட்கிறாயா என்று சண்டையைத் திருப்பியிருப்பேன். நீ பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றாய். அவ்வளவுதான். நாலு நாளில் நிரோஷா சுகமாகி வீட்டுக்குப் போனாள் என்பதைக் கூட மிட்வைஃப் மிஸ் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, அவர் பேசுவதே குறைவு. கேட்டு முடித்துவிட்டு, "எனக்குச் செஞ்சதையே அவனுக்கும் செஞ்சிருக்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு எழும்பி முகம் கழுவப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மறந்துவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாத கதை. சின்ன வயதிலிருந்து நான் உனக்குச் சொல்லிவந்தது இதுதான்: நீ பிறந்து மூன்றாம் நாளே உன் அப்பா கடைக்குப் போய்விட்டார், நான் தனியாகக் கிடந்து உன்னை வளர்த்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தபோது சொன்னேன், முதல் நற்கருணை எடுத்தபோது சொன்னேன், உன் கல்யாண வீட்டில் நிரோஷாவிடமும் சொன்னேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அவர் போனது உண்மைதான். ஆனால் கதையில் பாதியை நான் வெட்டிவிட்டேன். அப்போது அவர் டவுனில் ஒரு ஹாஜியாரின் மிளகு, கராம்புக் கடையில் வேலை. நீ பிறந்த செய்தியைச் சொல்லப் போனபோது ஹாஜியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கிழமைக்குக் கடப் பக்கம் வராதீங்க. சம்பளம் அப்புடியே வரும். புள்ள பொறந்தா வாப்பா பக்கத்துல இருக்கோணும்" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில், அப்படி ஒரு மனிதர். உன் அப்பா ஓடி வந்தார். இரண்டு நாள் உன்னைக் கீழே வைக்கவில்லை. நீ ராத்திரி பகல் என்று பாராமல் கத்துகிற பிள்ளை. என்னிடம் பால் குடித்துவிட்டும் கத்துவாய். அவர் நெஞ்சில் போட்டால் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு தூங்குவாய். அவர் உடம்பில் கராம்பு வாசம் நிரந்தரமாக இருக்கும், பிள்ளைக்குத் தும்மல் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு தரம் குளித்துவிட்டு வந்து மறுபடி தூக்கினார்.

மூன்றாம் நாள் நான் சொன்னேன், "ஆம்பள வீட்டுக்குள்ள கெடந்தா தெரு சிரிக்கும். எங்கம்மா இருக்காங்க தானே, உங்களுக்கு இங்க என்ன வேலை? கடைக்குப் போங்க." தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வலிபட்டுப் பெற்ற பிள்ளை அவரிடம் அடங்குகிறதே என்ற எரிச்சல். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு லொறியில் கொழும்புக்குப் போகிற வேலை வந்தது, வீட்டில் இருக்கிற நாள் குறைந்தது. இருக்கிற நாளில் அவர் உன்னைத் தூக்கினால் நான் பின்னாலேயே போவேன், தலையைப் பிடியுங்கள், அப்படி இல்லை, இப்படி என்று. கடைசியில் தூக்குவதையே விட்டுவிட்டார். நீயும் வளர்ந்தாய். பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க மட்டும் அவரிடம் போவாய். ஞாயிறு பூசைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மற்ற ஆண்களைப் பார்த்து, அவர்களுடைய பெண்சாதிகள் மேல் பொறாமைப்பட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். என் வீட்டில் இருந்ததை நானே வெளியே அனுப்பினேன் என்பதை அந்த அழுகையில் வசதியாக மறந்துவிட்டேன். நீ கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள், "நான் அப்பா மாதிரி இருக்கமாட்டேம்மா, பிள்ள பொறந்தா கூடவே இருப்பேன்" என்றாய். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பாவத்துக்கு நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை நான் சீகிரியாவுக்குப் போனேன், உனக்குத் தெரியாமல். பயப்படாதே, நீ வேலை செய்கிற பக்கம் வரவில்லை. வாசல் காவலாளியிடம் சொல்லி மெனேஜரைக் கேட்டேன். அந்தப் பையன் என்னை நிழலில் உட்காரவைத்து இளநீர் தந்தார். நான் சொன்னது பொய், அவனுக்கு வேலை இருந்தது, அவன் பெண்சாதிக்கு அவன் தேவைப்பட்டான், அந்த ஐந்து நாளை அவனுக்குத் திருப்பித் தாருங்கள் என்று சொன்னேன். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "அம்மா, இந்த லீவு எங்கள் ஹோட்டல் விரும்பித் தருவது. சட்டத்தில் இருந்திருந்தால் நான் அன்றைக்கு உங்கள் மகனுக்குப் போன் எடுத்திருக்கவே மாட்டேன். தருவது நாங்கள் என்பதால் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது. என் பிழையும் இருக்கிறது" என்றார். அடுத்த மாதம் முதல் திங்களிலிருந்து ஐந்து நாளைத் தருகிறேன் என்றார். யார் கேட்டுக் கிடைத்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது பத்திரிகையிலேயே போட்டுவிட்டேன். என்னைத் தெரியாதா உனக்கு.

அவர் சொன்னதைத்தான் பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்ப நினைத்தேன். ஹாஜியார் மனசு வைத்தார், உன் அப்பாவுக்கு ஒரு கிழமை கிடைத்தது. நான் வாயைத் திறந்தேன், போய்விட்டது. உன் ஹோட்டல் மனசு வைத்தது, உனக்குப் பத்து நாள் கிடைத்தது. நான் போனை எடுத்தேன், பாதி போய்விட்டது. வீட்டில் ஒருத்தியின் ஒரு வார்த்தையில் கரைந்துபோகிற லீவு என்ன லீவு? அரசாங்க வேலையில் இருக்கிற ஆண்களுக்கு மூன்று நாள் இருக்கிறதாம். சத்திரசிகிச்சையில் பெற்றவள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கே வந்திருக்கமாட்டாள். கடையிலும் ஹோட்டலிலும் லொறியிலும் இருப்பவர்களுக்கு முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான். தேயிலைத் தோட்டத்தில் என் அண்ணன் மகன் வேலை செய்கிறானே, அவனுக்குப் போன வருடம் பிள்ளை பிறந்தபோது லீவு எடுக்காதே என்று யாரும் தடுக்கவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை, அவ்வளவுதான். அதனால் சம்பளத்தோடு என்கிற அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு. வீட்டில் ஒரு வாய் கூடுகிற மாதத்தில் எந்தத் தகப்பன் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் இருப்பான்?

இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணமான புதிதில் நிரோஷா டவுனில் ஒரு கம்பனிக்கு இன்டர்வியூ போனாளே, பிள்ளை பெறுகிற யோசனை இருக்கிறதா என்று அவளிடம் கேட்டார்கள். உன்னிடம் எந்த இன்டர்வியூவிலும் யாரும் அதைக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? பிள்ளை பிறந்தாலும் நீ மறுநாள் வேலைக்கு வந்துவிடுவாய் என்று அவர்களுக்குத் தெரியும். ஆணுக்கும் லீவு கட்டாயம் என்று வைத்துப் பார், கேட்டால் இரண்டு பேரையும் கேட்பார்கள், இல்லை இரண்டு பேரையும் கேட்கமாட்டார்கள். ஆண்கள் லீவு எடுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிறவனும் இருப்பான். நீ குழாயடியில் குந்தியிருந்து துணி அலசியதை நான் கண்ணால் கண்டேன். காயத்தைப் பார்க்க இரண்டு நாள் அவள் உன்னைத்தான் விட்டாள், என்னை விடவில்லை. அந்த வேலைக்கு நர்சரி டீச்சரையோ, மாமியாரையோ, குவைத்திலிருந்து வருகிற அம்மாவையோ கூட மாற்றாக வைக்க முடியாது. அது புருஷனுடைய வேலை என்று இந்த வயதில்தான் எனக்குப் புரிந்தது.

சட்டம் வந்தாலும் எங்களைப் போன்றவர்கள் வாசலில் நிற்போம் மகன், அதையும் சொல்ல வேண்டும். ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்கள் முதலாளிகள் மட்டுமில்லை. பிள்ளை வளர்ப்பது ஒன்றுதான் எங்களுடைய ராஜ்ஜியம் என்று நினைத்துவிட்டோம். அதில் ஒரு முழ இடத்தைக் கூட விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. களைத்துச் சாகிறோம் என்று புலம்புவோம், கை கொடுக்க வருகிறவனின் கையைத் தட்டியும் விடுவோம். உனக்கு மகள் பிறந்திருக்கிறாள். அவளுடைய புருஷனைப் பார்த்து நிரோஷாவும் ஒரு நாள் இப்படிக் கேட்காமல் இருக்க வேண்டும் என்றால், நீ இப்போது அந்த வீட்டில் முழு ஆளாக இருந்து காட்ட வேண்டும்.

அடுத்த மாதம் அந்த ஐந்து நாளில் நான் பல்லேபொலவுக்கு வரமாட்டேன். நிரோஷாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும், அவள் எப்போது வரச் சொல்கிறாளோ அப்போது வருகிறேன். அப்பா நேற்று, "லீவு நாள்ல நான் மட்டும் ஒரு நாள் போயிட்டு வரவா? பிள்ளையத் தூக்கிப் பார்க்கணும் போல இருக்கு" என்றார். எனக்கு என்ன வந்தது என்று நினைக்கிறாய்? அதுவேதான் வந்தது. என்னை விட்டுவிட்டு அவர் மட்டும் போவதா என்று நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. விழுங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றேன். அவர் வரும்போது உட்காரவைத்துப் பிள்ளையைக் கொடு. நான் வெட்டிய பாதிக் கதையை அவரிடமே கேட்டுக்கொள். அவர் அதிகம் சொல்லமாட்டார், கொஞ்சம் காத்திருந்து கேள்.

இவ்வளவு எழுதியும் பொறாமை போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன், இனி உன்னிடம் பாதிக் கதை சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். நீ அந்தப் பிள்ளையை நெஞ்சில் போட்டு நடப்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் மகன். நீ லீவில் இரு.